திருப்பிக் கொடுத்த நிறங்கள்

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு பெயிண்டுக் கடை. அங்கே நிறம் கலக்கும் மெஷினுக்கு முன்னால் பதினெட்டு வருஷமாக நிற்பவள் ஜெயசுதா. புடவையின் ஓரத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, இதே கலர்தான் சுவருக்கு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களையும் சமாளிப்பாள். "சுவத்துல இது தூக்கலாத் தெரியுங்க. அப்புறம் வந்து என்னைத் திட்டாதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பெயிண்டு விஷயத்தில் அவள் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. முதலாளி விநாயகத்துக்கு இதில் வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் ஆளை விட மனசில்லை.

சொல்லியும் கேட்காமல் வாங்கிப்போய், சுவரில் ஒரு கை அடித்துப் பார்த்துவிட்டு, மீதி டப்பாவோடு சண்டைக்கு வருகிறவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? அந்த டப்பாக்களெல்லாம் ஜெயசுதா குடியிருக்கும் மாடி அறைக்கு வந்து சேரும். அவற்றை வைத்துத்தான் அவள் படம் போடுவாள்.

படம் என்றால் மயில், மரம், கோட்டை எதுவும் இருக்காது. பழைய பிளக்ஸ் பேனரின் வெள்ளைப் பின்பக்கம்தான் அவளுக்குத் துணி. பேனர் கட்டும் வீரமணி, அவிழ்த்ததைச் சுருட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான். முன்பக்கத்தை அவள் பார்ப்பதேயில்லை. தலைவரோ மாப்பிள்ளையோ செத்துப்போனவரோ, யாராக இருந்தாலும் தரையைப் பார்க்கத் திருப்பி விரித்துவிடுவாள். ஒரு முகம் மனசில் ஏறிவிட்டால் அப்புறம் நிறம் ஏறாது என்பது அவள் கட்சி.

உள்ளங்கை அகலத்துக்குத் திட்டுத் திட்டாக வைப்பாள். நடுவே வெள்ளை இடைவெளி. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு அலுப்புத் தட்டும் இடத்தில் ஒரே ஒரு திட்டைக் கொஞ்சம் விலக்கி வைப்பாள். அந்த ஒன்றுக்காகத்தான் மற்றதெல்லாம். அனந்தபுரத்துக்காரர் ஒருவர் முகம் சுளித்துத் திருப்பிக் கொடுத்த ரோஸ் நிறம் பச்சைக்குப் பக்கத்தில் புண்ணாகத் தெரிந்தது. இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதைச் சாம்பல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அறைக்கே வெளிச்சம் வந்தது போலிருந்தது. நல்ல நிறம், கெட்ட நிறம் என்று ஒன்றும் கிடையாது, பக்கத்தில் இருப்பது யார் என்பதுதான் விஷயம் என்று நினைத்துக்கொள்வாள். தன் பக்கத்தில் யாருமில்லை என்பதும் உடனே உறைக்கும். அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

போன மார்கழி வரைக்கும் அவள் படங்களைப் பார்த்தவர்கள் மூன்றே பேர். "இன்னாம்மா இது, கோலமா?" என்றார் விநாயகம். கலர் சாம்பிளா என்று கேட்டான் வீரமணி. சிலிண்டர் போட வந்தவர் அதுகூடக் கேட்கவில்லை. என்ன இது என்று கேட்காமல், ஒரே ஒரு ஆள் நின்று பார்த்தால் போதும் என்று ஜெயசுதாவுக்கு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை.

போன தை மாதம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். வல்லத்திலிருந்து கீரை கொண்டுவரும் காத்தாயி, கீழே குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு முதல் தடவையாக மாடியேறி வந்தாள். புதுப் படம் கிழக்கு ஜன்னலை மறைத்தபடி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்து வெயில். காத்தாயி கூடையை இறக்கக்கூட மறந்து அதன் முன் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் இறங்கியது.

"சுதா, இத எனக்குக் குடுத்துடுறியா?" என்றாள் கடைசியில்.

"எடுத்துக்கக்கா" என்றாள் ஜெயசுதா. காத்தாயியே கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு போனாள். ஜெயசுதா போர்வைக்குள் அழுதாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததில்லை.

காய்ச்சல் விட்டதும், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வல்லத்துக்குப் போனாள். தன் படம் ஒரு வீட்டுச் சுவரில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்து நல்ல புடவையும் கட்டிக்கொண்டாள்.

சுவரில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே இளவழகன் என்ற பெயர். அவள் போட்ட நிறங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"என் சின்னவன். போன வருஷம் பைக்ல போயிட்டான்" என்றாள் காத்தாயி. "கூட்டாளிங்க ரோட்டுல கட்டுனானுங்க, அப்புறம் தேடுனா பேனரையே காணோம். ஊட்ல இருக்கிற போட்டோவுல எல்லாம் உம்முன்னு இருப்பான். இதுலதான் சிரிக்கிறான். உன் ஜன்னல்ல வெயிலு பட்டதும் சந்து சந்தா அவன் மூஞ்சி தெரிஞ்சிது. அதான் உன்கிட்ட கேட்டேன்."

ஜெயசுதா தலையாட்டினாள். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள்.

"பின்னாடிதான் பெயிண்டு கொட்டிக் கெடக்குது. கனம் ஆணி தாங்கல. நீ கடையில இருக்கிறவ, இன்னா போட்டுத் தேச்சா போவும், சொல்லு."

வெந்நீரில் ஊறவைத்து நார் போட்டுத் தேய்த்தால் தோல் தோலாக உரிந்து வந்துவிடும். ஜெயசுதாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"போவாதுக்கா" என்றாள். "தேச்சா தம்பி மூஞ்சியும் சேர்ந்து போயிடும்."

"ஐயையோ, அப்ப வேணாம்" என்று பதறினாள் காத்தாயி. "இன்னொரு ஆணி அடிச்சிக்கிறேன்."

ஜெயசுதா எழுந்துபோய், அவள் ஆணி அடித்து முடிக்கும்வரை பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.