ஆல்பத்தில் ஒட்டிய படங்கள்

ஓவியக் கல்லூரி நேர்காணலுக்கு, நான் வரைந்த படங்களை ஃபைலில் கொண்டுபோவதா, ஆல்பத்திலா? எங்கள் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், கேட்க ஆளில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஆல்பம் வாங்கி மைதாப் பசையில் ஒட்டினேன். எங்கள் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட் மழையில் பசை காய்ந்தால்தானே!

“ஃபேக்டரியில தேயிலையே காயுது, உன் பசை காயாதாடா?” என்று, அங்கே வேலை பார்த்த அப்பா ஆல்பத்தைத் தேயிலை உலர்த்தும் டிரையர் அருகே வைத்துவிட்டார்.

நேர்காணலில் ஆல்பத்தைத் திறந்ததும் பசை பொருக்காக உதிர்ந்து, படங்கள் மேஜையெங்கும் கொட்டின. எனக்கு எரிச்சலில் அழுகையே வந்துவிட்டது.

எதிரே இருந்த ஆசிரியர் ஒன்றைத் திருப்பினார். காலண்டர் பார்த்து வரைந்த தாமரையின் பின்பக்கத்தில், காகிதம் மிச்சம் பிடிக்க நான் வரைந்திருந்த அம்மா, கொழுந்துக் கூடையோடு.

“இதையாப்பா ஒட்டி மறைச்சே?” என்றார்.

இடம் கிடைத்தது. இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் ஒட்டுவதில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கும்படி, மூலையில் துளையிட்டு நூல் கோத்துத்தான் கொண்டுபோகிறேன்.