தள்ளி நிற்க மாட்டேன்

சின்னக்கானலில் நாங்கள் கொழுந்து எடுத்த காட்டின் மேல்கோடியில் ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. அதை ஒட்டிய தேயிலை நிரைகளில் மாதவிலக்கான பெண்கள் இறங்கக் கூடாது. "நான் தள்ளி நிக்கேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டுக் கூடையோடு கீழ்க்காட்டுக்குப் போய்விட வேண்டும். அம்மனுக்கு இதனால் என்ன கிடைத்ததோ, எங்கள் வயிற்றுச் சமாச்சாரம் மட்டும் கங்காணி வரைக்கும் தெரிந்திருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுவில், மழை விட்ட ஒரு காலையில், தள்ளி நிற்கிறேன் என்று நான் சொன்னதும் பக்கத்து நிரை அக்கா என்னை முறைத்தாள்.

"ஏட்டி, போன வாரந்தான தள்ளி நின்ன?"

"சூடா இருக்கும்க்கா."

"சூடாவது மண்ணாவது. புருசங்கூட இருந்தாலும் ரத்தம் வருதா?"

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழ்க்காட்டுப் பக்கம் திரும்பினேன். அவளுக்கு அதுவே போதும். அவள் தங்கச்சி இதையே மறைத்து மறைத்துச் செத்துப்போனவள். சாயங்காலமே என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். தள்ளி நிற்கும் வழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது என்று பிறகு சிலர் சொன்னார்கள். இல்லை. காப்பாற்றியது அக்காவின் கண்.

மதுரையில் லேடி டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், ஆரம்பம்தான், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்கள். ஊருக்குக் கிளம்பும்போது கேட்டேன்.

"பொழச்சிருவேனாம்மா? ரத்தத்தப் பாத்தா தெரியாதா?"

"ரத்தம் அதைச் சொல்லாதும்மா. சொல்ற மாதிரி எதையும் இன்னும் கண்டுபிடிக்கல. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க, அது நல்லது. மிச்சத்தை வருஷம் போனாத்தான் சொல்ல முடியும்."

படித்த டாக்டருக்கே தெரியாதது எங்கள் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் செத்துவிடுவேன். வீடு வீடாகக் கருவாட்டுக் குழம்பும் பணியாரமும் வர ஆரம்பித்தன. சாகப் போகிறவள் ஆசையோடு போகக் கூடாதாம். பொய் சொல்ல மாட்டேன், முதலில் சப்புக்கொட்டித்தான் சாப்பிட்டேன். எதற்குக் கொடுக்கிறார்கள் என்று புரிந்த பிறகு கிண்ணத்தை மூடிவைத்தேன். பயம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன். மாமியார் அதற்குள் தன் அண்ணன் மகளைப் பற்றி என் புருஷன் காதில் போட்டுவைத்திருந்தாள். அவர் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

ஒருநாள் மாமியாரே அதிரசம் சுட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தின்னுரு தாயி. மனசுல ஆச எதையும் வைக்காத."

எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் துணிச்சல்.

"ஒரே ஆசதான் அத்தே. உங்க அண்ணன் மகளுக்கு வேற நல்ல மாப்பிள்ளையாப் பாருங்க. அந்தக் கல்யாணப் பந்தியில உக்காந்து நான் சாப்பிடணும்."

அதிரசத்தை அப்படியே எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்ததும் கூடையைத் தூக்கினேன். அன்று கோயில் பக்கத்து நிரைகள். நேராகப் போய் அம்மனுக்கு முன்னால் நின்றேன். எல்லாக் கையும் நின்றுவிட்டது.

"நோய் வந்த ஒடம்பு. நீ கீழ்க்காட்டுக்குப் போயிரும்மா," என்றார் கங்காணி.

"தள்ளி நிக்க எனக்கு இனி காரணமே இல்ல. அத மதுரையில எடுத்துட்டாங்க. இனிமே வருசம் முச்சூடும் இங்கதான் நிப்பேன்."

அக்காதான் முதலில் சிரித்தாள். கங்காணி அடுத்த நிரையைப் பார்க்கப் போய்விட்டார்.

ரத்தத்தில் இருக்கும் புரதத்தைப் பார்த்து யாருக்கு இந்த நோய் திரும்பும் என்று இப்போது கணிக்கப் பார்க்கிறார்களாம், பேப்பரில் படித்தேன். நல்லதுதான், வரட்டும். எனக்குக் கணித்தது என் மாமியார்தான்.

எழுபதுகள் முடிவதற்குள் அவள் அண்ணன் மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தேன். மாமியார்தான் அதிரசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலையில் ஒன்று வைத்தாள். நான் இன்னொன்று கேட்டு வாங்கினேன்.