அர்ச்சனைத் தட்டில் ஒரு போத்தல்

எனக்குச் சாராயம் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் தோட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்வதை நீங்களும் நம்பிவிடுவீர்கள். எனக்குப் பிடித்தது ஒரே ஒரு போத்தல். அது அமெரிக்காவில் சோளத்தில் செய்த விஸ்கி. பர்பன் என்று சொல்வார்கள்.

கேகாலைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பங்களாவில் நான் சமையல்காரி. முன்பு அங்கே துரை குடியிருந்தார். இப்போது வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். மாசி மாதம், ரப்பர் மரம் இலை கொட்டி மலை முழுக்க மொட்டையாக நிற்கும்போது, ஒரு வயதான அமெரிக்க அம்மா தனியாக வந்து நான்கு நாள் தங்கினார். நல்லவர் என்று சொல்ல வரவில்லை. நான்கு நாளும் ஆப்பம் கேட்டு என் இடுப்பை முறித்தார். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் புல்வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கிளாஸில் பெரிய ஐஸ் கட்டி ஒன்றைப் போட்டு, அந்தப் பர்பனைக் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் குடிப்பார். ஒரு கிளாஸுக்கு ஒரு மணி நேரம். எங்கள் ஆட்கள் அந்த நேரத்தில் குடித்து, சண்டை போட்டு, அழுது, தூங்கியும் விடுவார்கள்.

இரண்டாம் நாள் எனக்கும் ஊற்றினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மடக்கில் விழுங்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தி, முதலில் மணக்கச் சொன்னார். நான் சமையல்காரி, மூக்கு எனக்கு வேலை செய்யும். கித்துள் பனைப் பாகு, பாணி என்போம், அது அடிப்பிடித்த மணம். பிறகு கறுவா. பிறகு எங்கள் ஸ்டோரில் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூட்டில் விறகு எரிகிற மணம். அது ஊறும் பீப்பாயின் உட்பக்கத்தை நெருப்பால் கருக்குவார்கள் என்று அந்த அம்மா கைச் சாடையில் காட்டினார். நான் தலையாட்டினேன். நாக்கில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு சூடு, பிறகு நெஞ்சில் யாரோ அமைதியாக உட்கார்ந்த மாதிரி. சாராயம் குடித்தவன் முகத்தைச் சுளிப்பான். இதற்கு முகத்தில் வேலையே இல்லை.

போகும்போது உடைக்காத இன்னொரு போத்தலை என் கையில் கொடுத்தார். பாசத்தில் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. தேயிலையும் கறுவாவும் வாங்கிப் பெட்டி கனத்துவிட்டது, போத்தலுக்கு இடமில்லை. அவ்வளவுதான். ஆனால் கொடுத்தது எனக்கு. கழுத்தில் கறுப்பு மெழுகு. லேபிளில் கையால் ஒரு நம்பர். அந்த ஒரு தடவை மட்டும் செய்தார்களாம், இனிச் செய்ய மாட்டார்களாம். பங்களாக் கணக்கப்பிள்ளை படித்துச் சொன்னார்.

என் வீட்டுக்கு வந்த சாமான் எல்லாம் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறது. சீலை வந்தால் மகளுக்கு, மிக்ஸி வந்தால் மருமகளுக்கு. எனக்கு மட்டும் என்று ஒரு சாமான் வந்தது ஐம்பத்தாறு வயதில். அதுவும் கடையில் என்னால் வாங்க முடியாத சாமான். ஒரு தடவை பங்களா கேக்குக்கு பிரண்டி வாங்க டவுனுக்குப் போனேன். கடைக்காரன், "அக்கே, கேனுன்ட தென்ன பே" என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தான். பெண்களுக்குக் கொடுக்க முடியாது, சட்டமாம். வெளியே நேராக நிற்கக்கூட முடியாமல் ஆடிக்கொண்டிருந்த ஒருவனை உள்ளே அனுப்பி வாங்கினேன். அவனுக்குச் சட்டம் இல்லை.

சித்திரை வருஷப் பிறப்புக்குப் பங்களா பூட்டு. எனக்கு வருடத்தில் முழுதாகக் கிடைக்கும் லீவு அதுதான். அன்று பின்னேரம் வெளியே உட்கார்ந்து அந்த அம்மா குடித்த மாதிரியே குடிப்பது என்று முடிவு செய்து, போத்தலைக் குரக்கன் மாத் தகர டின்னுக்குள் வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அவர் ஸ்டோரில் வாச்சர், காவல் வேலை. வேலையில் எதையும் பார்க்க மாட்டார்.

எங்கள் தோட்டத்தில் வருஷப் பிறப்பன்று முனியாண்டிக்குப் பூசை. ஒரு சேவல், சுருட்டு, ஒரு போத்தல். போத்தல் சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். கசிப்பு, கள்ளச் சாராயம் வைத்தால் சாமி கோபிக்கும். இதில் மட்டும் சாமி கொஞ்சம் கண்டிப்பு. அன்று சாராயக் கடைகள் பூட்டு என்பதால் போத்தலை முன்கூட்டியே வாங்கி வைப்பார்கள். இந்த முறை வாங்கி வைக்கும் பொறுப்பு கோயில் கமிட்டித் தலைவருக்கும் என் வீட்டுக்காரருக்கும்.

வருஷப் பிறப்புக் காலையில் இரண்டு பேரும் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒரு சின்ன உதவி" என்றார் தலைவர்.

"சொல்லுங்க தலைவரே."

"சாமிக்கு வாங்கி வச்ச போத்தல் ஒடஞ்சிருச்சு."

"எப்பிடி?"

"வெயில்ல."

"வெயில்ல போத்தல் ஒடயுமா?"

"இந்த வருஷம் வெயில் கூடத்தானே அக்கா."

"ஒடஞ்ச கண்ணாடி எங்க?"

"பொறக்கிப் போட்டாச்சு."

வீட்டுக்காரர் கொய்யா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கொஞ்சம் வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசுங்க பாப்போம்" என்றேன் அவரிடம். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே மணந்தது.

"அந்த வெளிநாட்டுப் போத்தல் சும்மாதானே கெடக்கு" என்றார் தலைவர்.

"சும்மா கெடக்கல. எனக்காகக் கெடக்கு."

"பொம்பள நீங்க அத வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?"

"நீங்க என்னா செய்வீங்க?"

"சாமிக்குப் படைப்போம்."

"அதுக்குப் பொறகு?"

அதற்குப் பிறகு என்ன என்று தோட்டத்துக்கே தெரியும். மரத்துக்குப் பின்னால் ஒரே கிளாஸ் சுற்றி வரும். ஆம்பளைகளுக்கு மட்டும். பெண்களுக்கு விபூதி.

அப்போது வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "சாமி காரியம்டி. குடுக்கலன்னா, நாளைக்குப் பால்வெட்டப் போறப்ப ஒருத்தருக்குப் பாம்பு கடிச்சாலும் ஒன்னயத்தான் சொல்லுவாங்க."

அது உண்மை. சொல்வார்கள். பாம்பு கடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, யாருக்காவது இருமல் வந்தாலும் போதும். அதே லயத்தில், அதே குழாயடியில் நான் தண்ணீர் பிடிக்க வேண்டும். எனக்குக் கண்ணீர் வந்தது. கோபத்தில் வந்தது. துருவலைச் சட்டியில் தட்டிவிட்டு, "சரி, நானே கொண்டு வர்றேன். நீங்க போங்க" என்றேன்.

முனியாண்டி இருப்பது மலை உச்சிக்குப் போகும் பாதையில், ஒரு பெரிய ஆலமரத்தடியில். பெண்கள் பாதையோரத்துக் கல்லைத் தாண்டக் கூடாது. தட்டைக் கல்லடியில் கொடுத்தால் பூசாரி வந்து வாங்கிப் போவார். நான் என் தட்டில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், சூடம் வைத்து, நடுவில் போத்தலை நிறுத்தினேன். கையில் தட்டுடன் நடந்து போனபோது இரண்டு லயமும் பார்த்தது.

பூசாரி எழுபதைத் தாண்டியவர், ரப்பர் மரத்தில் பால்வெட்டிய பழைய தொழிலாளி. "யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார்.

"எம் பேருக்கு."

"வீட்டுக்காரர் பேரு?"

"வேணாம் மாமா. எம் பேரு, எந் நட்சத்திரம். அதுபோதும்."

மரத்தடியில் நின்ற தலைவர், "பேரு யாருதா இருந்தா என்னா, கொண்டாங்க" என்றார். அவசரம்.

பூசாரி மெழுகை எப்படி உடைப்பது என்று தெரியாமல் பால்வெட்டுக் கத்தியால் சீவினார். தக்கை டப்பென்று வந்தது. சாமி முன்னால் மூன்று தடவை ஊற்றினார். அந்த மணம் கல்லடி வரைக்கும் வந்தது. நான் மூக்கைப் பொத்தவில்லை. சூடம் காட்டினார், தேங்காய் உடைத்தார், ஒரு மூடியை அங்கே வைத்துவிட்டு மறு மூடியைத் தட்டில் வைத்தார். விபூதி போட்டார். தக்கையைத் திருப்பி மூடினார். தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே கல்லடிக்கு வந்து என் கையில் கொடுத்துவிட்டார். முப்பது வருடமாகத் தட்டு கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுத்துப் பழகிய கால். அது தானாக நடந்தது.

நான் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"ஏய் பூசாரி! போத்தல்!" என்று கத்தினார் தலைவர்.

"தட்டு அவங்களோடதுதானே?" என்றார் பூசாரி.

"தட்டு அவங்களோடது. போத்தல் சாமியோடது!"

"சாமி குடிச்சிட்டாரு தலைவரே" என்றேன். "மூணு தடவ. நீங்களும் பாத்தீங்க. மிச்சம் தட்டுக்காரிக்கு. நீங்க வச்ச தட்டு என்னைக்காவது ஒங்க வீட்டுக்குத் திரும்பி வராம இருந்திருக்கா?"

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் கிளாஸையே கையில் வைத்திருந்தார்.

"தேங்காயில பாதி சாமிக்கு வச்சீங்கள்ல?" என்றார் தலைவர். "அப்ப போத்தல்லயும் பாதி."

"தேங்காய ஒடச்சா ரெண்டு மூடி. போத்தலயும் ஒடைங்க, பாதிய எடுத்துக்கிட்டுப் போங்க. வெயில்ல ஒடையிற போத்தல்தானே."

கல்லுக்கு இந்தப் பக்கம் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. கிளாஸ் வைத்திருந்தவர் அதை இடுப்புச் சாரத்துக்குள் ஒளித்தார். பூசாரி கடைசியாக, "தட்டுல போனது தட்டுக்காரிக்குத்தான், அதுதான் மொற" என்று சொல்லிவிட்டுச் சேவலைக் கவனிக்கப் போனார். போகும் முன் என் பக்கம் குனிந்து மெதுவாக, "எனக்கு ஒரு சொட்டு வைம்மா" என்றார். வைத்தேன். நியாயம் பேசியவர்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டு மதினியைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். அவள் இன்னும் பால்வெட்டுகிறாள், புருஷன் இல்லை. பங்களாச் சாவி என்னிடம் இருந்தது, ஐஸ் கட்டியை டிபன் கரியரில் எடுத்து வந்தேன். கிளாஸ் இல்லை. வீட்டில் தேய்த்துக் கழுவிய இரண்டு தேங்காய்ச் சிரட்டை. மரங்கள் புது இலை விட்டு நிழல் கட்டியிருந்தன. நிழலிலும் வேர்த்தது. ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

மதினி ஒரே மடக்கில் விழுங்கப் போனாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல மணந்து பாரு."

"என்னாடி, பிள்ளைக்கா பொண்ணு பாக்குறோம்?" என்றாள். மணந்தாள். "பாணி அடிப்பிடிச்ச மாதிரி இருக்கு. யாரு சமைச்சா?"

பிறகு இரண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம். ஐஸ் கரைந்தது. சிரட்டையில் அது ரப்பர் விதையின் நிறத்தில் இருந்தது. வரக்காப்பொல பக்கம் இடி இடித்தது, மழை வரவில்லை. ஒரு சிரட்டைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். முக்கால் மணி நேரம்.

வீட்டுக்காரர் தேடி வந்தார். பாறைக்குக் கீழே நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "எனக்கு?" என்றார். மதினியின் சிரட்டையில் ஒரு விரல் ஊற்றிக் கொடுத்தேன். ஒரே மடக்கு, முகம் சுளிப்பு, உடம்பு உதறல்.

"ஒண்ணும் வெளங்கல" என்றார்.

"வெளங்காது" என்றேன். இரண்டாவது ஊற்றவில்லை.

ஆனி மாதக் கோயில் கூட்டத்தில் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இனிமேல் அர்ச்சனைத் தட்டில் போத்தல் வைக்கக் கூடாது. எதிர்ப்பவர்கள் உண்டா என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நானும் ஆதரித்துக் கை தூக்கினேன். போத்தல் அப்போது காலி. கழுவி, அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தேன். நம்பர் மட்டும் இன்னும் அழியவில்லை.