அராவிய கத்தி

அண்ணன் அந்தக் கத்தியை என் மேசைமீது வைத்துவிட்டுப் போனபிறகு, ஒரு பழைய துணியால் பிடித்துத்தான் அதை எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புக் கைப்பிடி, ஒரு பெரிய அலகு, டின் திறக்கும் கொக்கி, முதுகுப் பக்கம் மடிந்து கிடக்கும் தடித்த இரும்பு முள், கயிறு மாட்ட ஒரு வளையம். பெரியப்பா உயிரோடு இருந்தவரை அது அவருடைய சட்டைப் பையை விட்டு வெளியே கிடந்ததில்லை. அந்த அலகால் கால் நகத்தைச் சீவுவார். அதை வேட்டியில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஆயக்குடிக் கொய்யாவைப் பிளந்து எங்களுக்கு நீட்டுவார். நான் தயங்கினால், "என்னா தாயி மொகத்தச் சுளிக்கிற, அம்புட்டுப் பேரு உசுரக் காப்பாத்துன கத்தி இது" என்பார். வாங்கிக்கொண்டுபோய் சாக்கடையில் போடுவேன். இத்தனை வயதாகியும் நான் கொய்யாவைத் தொடுவதில்லை.

உயிரைக் காப்பாற்றிய கதை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பெரியப்பா திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். நான் சிறுமியாக இருந்தபோது, ஒரு ஐப்பசி மழையில் செம்பட்டி தாண்டி வண்டி வாய்க்காலில் சாய்ந்துவிட்டது. மழைக்காகச் சன்னல்களை மூடிக் கட்டியிருந்த படுதாவை அவர் உள்ளிருந்தே கிழித்து ஆட்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளினாராம். முதலாளி மாலை போட்டார். கல்யாண வீடுகளில் அவருக்கு முதல் வரிசையில் நாற்காலி கிடைத்தது. கத்தியை எங்கே வாங்கினீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும் பதில் மாறிக்கொண்டே இருக்கும். ஒருமுறை வெள்ளைக்காரச் சாமியார் கொடுத்தது என்பார், இன்னொருமுறை கொடைக்கானல் துரை வீட்டில் கிடைத்தது என்பார்.

அவர் இறந்து ஓராண்டு ஆகப்போகிறது என்று அண்ணன், அதாவது பெரியப்பாவின் மகன், படத்தைப் பெரிதாக்கி அதன் கீழே கத்தியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஏற்பாடு செய்திருந்தான். "நீதான் காலேஜ் லேப்ல இருக்க. எந்த நாட்டுக் கத்தின்னு பாத்துச் சொல்லு. அடியில எழுதி வைக்கணும்" என்று என்னிடம் தந்தான். கத்தியில் எங்கேயும் பெயரோ முத்திரையோ இல்லை. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மடிப்புகளில் இறுகியிருந்த அழுக்கை ஊசியால் கிளறினேன். பழுப்பாக, கெட்டியாக, சுருள் சுருளாக வந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பழைய கத்திகளைச் சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றில் படங்களைப் போட்டேன். புனேயிலிருந்து ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் பதில் எழுதினார். அது பட்டாளத்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தி. அந்த முள், இறுகிய கயிற்று முடிச்சை நெகிழ்த்துவதற்கு. அலகின் அடியில் செய்தவர் பெயரும், அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்பு முத்திரையும் இருக்க வேண்டும், லென்ஸ் வைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். முத்திரை தேய்ந்து மறைந்திருக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் அரத்தின் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. யாரோ உட்கார்ந்து, பொறுமையாக அராவி எடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போனதில்லை.

பெரியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "இதுல இருந்த முத்திரைய யாரு பெரியம்மா அராவுனது?" என்று கேட்டேன். கத்தியைப் பார்த்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"உங்க பெரியப்பாதான். படுதாவக் கிழிச்சது அவரு இல்ல தாயி. வண்டியில வந்த ஒரு மிலிட்டரிக்காரரு. இவரு மொத ஆளா வெளிய குதிச்சுட்டாரு. எல்லாரையும் ஏத்திவிட்டுட்டு அந்தாளு வாரப்ப வண்டி இன்னும் சாஞ்சு கை நசுங்கிப்போச்சு. கத்தி கரையில கெடந்துச்சு, இவரு எடுத்துக்கிட்டாரு."

"அவரு வந்து கேக்கலயா?"

"அவரு பொஞ்சாதி வந்துச்சு, அய்யலூர்ல இருந்து. ஆஸ்பத்திரியில கத்தியக் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துருங்கன்னு அழுதுச்சு. உங்க பெரியப்பா அப்பிடி ஒண்ணு இல்லவே இல்லன்னுட்டாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். கத்தி எனக்குப் பக்கத்துல சன்னல்லதான் இருந்துச்சு."

அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அந்த மாலைகளும் முதல் வரிசை நாற்காலியும் கண்ணுக்குள் வந்தன. நகத்தையும் பழத்தையும் ஒரே அலகால் வெட்டுவதைத்தான் இத்தனை நாள் அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அரத்தின் கோடுகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

அய்யலூரில் மிலிட்டரிக்காரர் வீடு என்று கேட்டதும் வழி காட்டினார்கள். அவரும் மனைவியும் காலமாகிவிட்டார்கள். மகள், என் வயதுதான் இருக்கும், சந்தைக்கு ஓட்டிப்போக ஆடுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லிக் கத்தியை நீட்டினேன். வெகுநேரம் அதைக் கையில் வாங்கவில்லை.

"அப்பா இத ஒருக்கா பாத்துருக்காரு. அதே பஸ்ஸுல போனப்ப, உங்க பெரியப்பா இத வச்சு பாக்கு வெட்டிக்கிட்டு இருந்தாராம். பேசாம எறங்கி நடந்தே வந்துட்டாரு. ஏம்ப்பா கேக்கலன்னேன். 'பஸ்ஸே அவன கும்புடுது, வெரலு இல்லாத நான் சொன்னா எவன் நம்புவான்'னாரு." பிறகு முந்தானையால் கத்தியை வாங்கி, அதிலேயே முடிந்துகொண்டார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை. செத்தவர் மானத்தை வாங்கிவிட்டேனாம். கண்ணாடிப் பெட்டியில் பெரியப்பாவின் விசிலை வைத்திருக்கிறான். நினைவு நாளுக்கு வந்தவர்களிடம் அதே கதையைச் சொன்னானாம், கேட்டவர்கள் கைகூப்பினார்களாம்.

நான் போகவில்லை. அன்று மாலை பெரியம்மாதான் போன் செய்தார்.

"கத்திய அவுங்ககிட்ட குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"அந்தப் பிள்ள என்னயப் பத்தி ஏதும் கேட்டுச்சா?"

"இல்ல பெரியம்மா. அன்னிக்கு அடுப்படியில ஒரு பொம்பள நின்னதே அதுக்குத் தெரியாது."

"சரி" என்று போனை வைத்துவிட்டார்.