பூண்டில்லாத மருந்து

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி முதலில் மூக்குக்குத்தான் வரும். ஆணா பெண்ணா என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொல்வதற்குள் பெரியம்மை இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிச் சுக்கையும் மிளகையும் திப்பிலியையும் வறுக்கத் தொடங்கியிருப்பாள். அம்மா கருப்பட்டிப் பாகு காய்ச்சுவாள். நல்லெண்ணெயை ஊற்றி ஊற்றிக் கிண்டக் கிண்ட, பிள்ளை பெற்றவளுக்கான அந்த மருந்தின் வாசனை கிளம்பும். பேட்டையில் எங்கள் தெருவைச் சுற்றி லேத்துப் பட்டறைகள் உண்டு. அவற்றின் கிரீஸ் வாடையையும் அமுக்கிவிட்டு அது பஸ் நிறுத்தம்வரை போய் நிற்கும்.

அம்மா, அவளுக்கு மூத்தவளான பெரியம்மை, இளையவளான சித்தி. மூவரும் அடுப்படியில் கூடினால் வேலை பாதி, சிரிப்பு பாதி. இடையில் புகுந்து தொந்தரவு செய்யும் என்னைத் துரத்த மாட்டார்கள். கண்ணைப் பொத்தி எதையாவது மூக்கருகே நீட்டி என்னவென்று கேட்பார்கள். கற்பூரவல்லியை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். ஓமத்தையும் சீரகத்தையும் பிரித்துச் சொல்வதிலும், முடக்கத்தானையும் தூதுவளையையும் கசக்கின கையிலிருந்தே கண்டுபிடிப்பதிலும்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இதில் சித்திதான் மோசம். ஒருமுறை துணி துவைக்கிற சோப்பைக் கிள்ளி நீட்டினாள். நான் வெகுநேரம் யோசித்து "வசம்பு" என்றேன். அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள்.

இன்று குழம்பு கொதிக்கும் வாசனையை வைத்தே புளி பச்சை வாடை போய்விட்டதா என்று பக்கத்து அறையிலிருந்து சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகிறார். இந்த மூக்கு மூன்று பெண்கள் சேர்ந்து எனக்குக் கொடுத்த சீதனம்.

சித்தியை ராதாபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது இரண்டாவதோ மூன்றாவதோ படித்தேன். ஒருநாள் விடிகாலையில் எல்லாரும் பரபரப்பாக இருந்தார்கள். அப்பா என்னை எழுப்பி, அம்பாசமுத்திரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். எனக்குக் கொண்டாட்டம். காலையிலும் மாலையிலும் ஆற்றில்தான் கிடந்தேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் வெளிச்சம் பச்சையாக ஆடும். சித்தியின் வயிற்றுக்குள் பாப்பாவுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூச்சை அடக்கி மிதப்பேன்.

திரும்பி வந்த அன்று, பேட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் அந்த வாசனை வந்து என்னைப் பிடித்தது. "பாப்பா பொறந்துட்டு!" என்று கத்தினேன். அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடினேன்.

சித்தியின் குழந்தை உயிரில்லாமல்தான் பிறந்தது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

வாசற்படியில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி, ஓலைக் கொட்டானில் அவர் பக்கத்தில் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு தெருவைப் பார்த்தார். அப்பாவாகிவிட்ட களைப்பு என்று நினைத்தேன். உள்ளே தொட்டிலைக் காணவில்லை.

"பாப்பா எங்க?"

அம்மா பெரியம்மையைப் பார்த்தாள். "ஆஸ்பத்திரில இருக்கு. பைய பேசு, சித்திக்கு மேலுக்குச் சொகமில்ல" என்றாள் பெரியம்மை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சித்தி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் நிறையப் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கஞ்சித் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. எழுந்து நின்றால் தலை சுற்றி விழுந்தாள். இப்படியே கிடந்தால் இவளும் கைவிட்டுப் போய்விடுவாள் என்ற பயம் அக்காமார் இருவருக்கும் இருந்தது. பெரியம்மை மருந்துக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒரு உருண்டையாவது முழுங்கு. ஒடம்பு தேறண்டாமா?"

"எனக்கு எதுக்குக்கா? பிள்ளை பெத்தவளுக்குல்லா இந்த மருந்து."

குரல் சுவரிலிருந்து வந்தது. பெரியம்மை உருண்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

மருந்து கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு நெல்லிக்காய் அளவாவது தருவது எங்கள் வீட்டு வழக்கம். நான் உரிமையோடு கையை நீட்டினேன். என் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் பெரியம்மை கிள்ளிக் கொடுத்திருக்க வேண்டும். வாயில் போட்டுக் கண்ணை மூடினேன். சுக்கு இருந்தது. திப்பிலி இருந்தது. ஓமம், கருப்பட்டி, எண்ணெய் எல்லாம் இருந்தன. ஒன்று இல்லை. இந்த வீட்டு அடுப்படியில் நானும் ஓர் ஆள் என்று காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

"பெரியம்மை, பூடு போட மறந்துட்டியளே!"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சமையலில் குறை சொன்னால் யாராக இருந்தாலும் விடாத பெரியம்மை, தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒரே பெருமை.

சித்தி மெதுவாகப் புரண்டு இந்தப் பக்கம் திரும்பினாள்.

"பூடு போடலையாக்கா?"

"இல்லட்டி. ஒனக்குன்னு பாத்துத்தான் கிண்டினேன்."

சித்தி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழ முயன்றாள். அம்மா ஓடிவந்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். சித்தி கையை நீட்டி உருண்டையை வாங்கி வாயில் போட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழிய மென்றாள். "மிளகு தூக்கலா இருக்கு" என்று அவளுக்காக நானே சொன்னேன். அவள் இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள். அம்மா அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து புகை என்றாள். எங்கள் வீட்டில் அப்போதே கேஸ் அடுப்பு.

சித்திக்கும் என்னைப்போலப் பூண்டு பிடிக்காது, அது இல்லை என்று தெரிந்ததும் சாப்பிட்டுவிட்டாள் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் மூக்கால்தான் சித்தி பிழைத்தாள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் அளந்தேன். அவர்கள் யாரும் என்னைத் திருத்தவில்லை. சித்திகூட "ஆமா, இவ இல்லன்னா நான் தின்னிருக்க மாட்டேன்" என்பாள்.

வெகு காலம் கழித்து என் தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்தபோது மருந்து கிண்ட நான்தான் நின்றேன். அம்மா மடி நிறையப் பூண்டை வைத்து உரித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு எதற்கு என்று கேட்டேன். "பால் ஊறணும்லா" என்றாள். என் கையில் கரண்டி நின்றுவிட்டது. சட்டி அடிப்பிடித்தது. பெரியம்மை அன்று கிண்டியதும் பிள்ளை பெற்றவளுக்கான மருந்துதான். பெற்றவள் பெற்றவள்தான் என்று சித்தியிடம் வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை. குடிக்கப் பிள்ளையில்லாத பால் ஊறிவிடக் கூடாது என்று ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் போட்டுக் கிண்டியிருந்தாள்.

சித்தி மருந்து தின்ற அன்று மாலை நான் அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். அவள் என் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். திரும்பி அவள்மேல் முகத்தை வைத்தபோது ரவிக்கை நனைந்திருந்தது.

"சித்தி, தண்ணிய மேல சிந்திட்டியளா?"

"ஆமாட்டி" என்றாள்.

கொடியிலிருந்து காய்ந்த துண்டை எடுத்துவந்து கொடுத்தேன். இவ்வளவு பெரியவளுக்குத் தம்ளரில் தண்ணீர் குடிக்கத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.