ஜுரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்ட 'ம்'

இந்த நார்வே ஊரில் ஆமாம் சொல்ல மூச்சை உள்ளே இழுப்பார்கள். 'யா' என்ற சொல் வெளியே வராமல் தொண்டைக்குள்ளேயே போய்விடும். வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் எய்ரிக்கிடம் "சிக்னல் வருகிறதா?" என்று கேட்டேன். மனுஷனுக்கு மூச்சு வெடுக்கென்று உள்ளே போயிற்று. ஐயோ, நெஞ்சுவலி என்று தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் அவர் பாட்டுக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நம்ம 'ம்' மட்டும் என்ன ஒழுங்காம்? உத்திரமேரூர் பக்கம் மானாம்பதியில், எங்கள் கழனியில் மோட்டார் ஓடும்போது அம்மா வரப்பிலிருந்து கத்துவாள். பாதிதான் காதில் விழும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு 'ம்' போட்டுவைப்பேன். அது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை; கேட்டுக்கினு கீறேன், அவ்வளவுதான்.

இங்கே எனக்கு மீன்பிடிப் படகுகளின் சோனாரில் வேலை. படகின் அடியிலிருந்து ஓர் ஒலியைத் தண்ணீருக்குள் விடுவோம். அது கடல்தரையில் பட்டுத் திரும்பும். அடுத்த ஒலி கிளம்புவதற்குள் மைக்ரோபிராசசர் அந்த எதிரொலியை வடிகட்டிப் படமாக்கிவிட வேண்டும். அதுதான் ரியல்-டைம். 'இதோ ஆச்சு' என்ற கதையெல்லாம் நடக்காது. நாங்கள் செய்த போர்டில் ஒரு பேஜார்: நிஜத் தரைக்கு மேலே, நடுத்தண்ணீரில் இன்னொரு தரை தெரிந்தது. சரியாகாவிட்டால் வெளியே ரெடிமேட் போர்டு வாங்கிக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படியானால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சரியானால் இன்னும் ரெண்டு வருஷம் இங்கேதான். இரண்டில் எது வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அந்தத் தரை எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீடியோ காலில் வந்தாள். லைன் இழுத்து இழுத்து வந்தது.

"நாஷ்டா ஆச்சா நைனா?"

"ம்."

அது போய்ச் சேர்வதற்குள் அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "மூஞ்சி இன்னா வாடிக்கீது, ஜுரமா?"

நாஷ்டாவுக்குச் சொன்ன 'ம்' ஜுரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. "ஐயையோ, ஜுரமாமே!" என்று அலறினாள். சமாதானம் சொல்லிவிட்டு வைத்தபிறகு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அட, கடலும் இதைத்தானே செய்கிறது! தரையில் ரெண்டு தடவை பட்டுத் தாமதமாக வரும் எதிரொலி, அடுத்த ஒலிக்கான பதிலாகப் பதிவாகிவிடுகிறது.

மறுநாள் ஒலிகளுக்கு நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தேன். நிஜத் தரை நின்ற இடத்தில் நின்றது. பொய்த்தரை ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் குதித்தது. குதிப்பதையெல்லாம் கழித்துவிடு என்று மைக்ரோபிராசசருக்குச் சொல்லிக்கொடுத்தேன். போர்டு பாஸ். எய்ரிக் முதுகில் தட்டினார். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு வருஷத்துக்கு வேலை உறுதிம்மா."

"சந்தோஷம் நைனா. எப்ப வரே?"

"சித்திரைக்கு."

"போன தபா பொங்கலுக்குன்னே. அதுக்கு மின்ன ஆடிக்குன்னே."

கேட்கக் கேட்க இடம் மாறும் பதிலை என்ன செய்ய வேண்டும் என்று அன்றைக்குத்தான் ஒரு மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"சரி, வர்றப்ப வா," என்றாள். "வூடு இங்கதான் கீது."