லிஃப்ட் கொம்பனிக்காரியின்ர புருசன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறும் மீன்குழம்பும் திண்டு முடிய, எங்கட வீட்டில யப்பான் நாடகம் ஓடும். மட்டக்களப்பில படிக்கிற மகள் போனமுறை வந்தபோது ஒரு பென்டிரைவில ஏத்தித் தந்திட்டுப் போனவ. சண்டை இல்லை, பேய் இல்லை, வெறும் கந்தோர்க் கதை, ஒப்பீசில நடக்கிறது. லிஃப்ட் பூட்டுற கொம்பனியில வேலை செய்யிற ஒரு பொம்பிளை. சின்ன உருவம், கட்டையாய் வெட்டின முடி. கொம்பனிப் பெரியவையின்ர கூட்டத்தில இடுப்பு வரைக்கும் குனிஞ்சு வணக்கம் சொல்லிப்போட்டு, நிமிர்ந்து, "நீங்கள் சொல்லுறது பிழை" எண்டு நேரா முகத்துக்குச் சொல்லுவா. எனக்கெண்டால் எழும்பிக் கை தட்டவேணும் போல கிடக்கும். தட்டியும் இருக்கிறன்.

பேச்சு யப்பான், கீழ ஓடுற எழுத்து இங்கிலீசு. நான் துறைமுகத்தில, கப்பலால இறங்கிற சாமானை எண்ணி எழுதிற கிளார்க். பெட்டியில அடிச்ச இலக்கம் வாசிப்பன், கப்பல் பேர் வாசிப்பன், வசனம் எண்டு வந்தால் நொண்டும். அதைச் சொல்ல வாய் வருமே? "கண்ணாடியை வேலைத்தலத்தில விட்டிட்டன், நீரே வாசியும்" எண்டு மனிசியிட்டச் சொல்லிப்போட்டன். ஒவ்வொரு ஞாயிறும் கண்ணாடி வேலைத்தலத்திலதான் கிடக்கும். அவ ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கச்சான் கடலை உரிச்சு உரிச்சு, எழுத்தைப் பார்த்துத் தமிழில சொல்லுவா. போகப் போக அந்தப் பொம்பிளையின்ர குரலே என்ர மனிசியின்ர குரல்தான் எண்டு எனக்குப் பழகிப்போச்சுது.

கதை சூடுபிடிச்சது, தூரத்து ஊரில புதுசாத் திறக்கிற கிளைக்கு அவவைத் தலைமையாப் போகச் சொல்லிக் கேட்ட இடத்தில. அவவின்ர புருசன் விடுறானில்லை. அடிக்கிறவனோ குடிக்கிறவனோ இல்லை. "உனக்கேன் இந்தக் கரைச்சல்? குளிரில எவ்வளவு தூரம் ரயில் ஏறி அலைவாய்?" எண்டு தேன் ஒழுகக் கதைச்சே மறிக்கிறான். அவனை நான் பேசாத பேச்சில்லை. "அட பேயா, பொறாமை எண்டு சொல்லன்ரா!" எண்டு ஒருநாள் கத்தினதில, வாசலில வாழைப்பழத்தோல் திண்டுகொண்டு நிண்ட, எங்கட ஊர்த் தெருவில ஆடுமாடு போலத் திரியிற மான் ஒண்டு வெருண்டு ஓடிப்போச்சுது. மனிசி சிரிக்கேல்லை. அதை நான் அப்ப கவனிக்கேல்லை.

வெக்கக்கேடு என்னெண்டால், அதே நாளையில எங்கட வீட்டிலயும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. என்ர மனிசிக்கு ஐஸ் பக்டரிக் கந்தோரில வேலை. மீன்பிடி வள்ளக்காரர் விடியக் கேக்கிற ஐஸ் எவ்வளவு, எந்த லொறிக்கு எவ்வளவு எண்டு எல்லாம் அவவின்ர கையிலதான். குளத்து மீன்காரருக்கெண்டு முதலாளி கந்தளாயில ஒரு கிளை திறக்கப்போறார். அதுக்கு மனேஜரா வாறீங்களோ எண்டு அவவைக் கேட்டிட்டார். திங்கட்கிழமை முடிவு சொல்லவேணும்.

நான் மறிச்சனானோ? இல்லையே! மறிச்சிருந்தால் அவ சண்டை பிடிச்சிருப்பா. நான் இரக்கப்பட்டனான். "உம்மட முழங்கால் பஸ்ஸில இடிபடத் தாங்குமே? எனக்கொண்டுமில்லை, உமக்குத்தான் கஷ்டம்" எண்டு தேத்தண்ணி குடிக்கேக்க ஒருக்கா, படுக்கப் போகேக்க ஒருக்கா. அவ "ம்" எண்டுவா. உண்மை என்னெண்டால் அவ மனேஜர், நான் கிளார்க். கடைத்தெருவில ஆரும் என்னைக் காட்டி "மனேஜரம்மாவின்ர புருசன்" எண்டு சொல்லிப்போடுவினமோ எண்ட பயம் எனக்கு. ரண்டு கதையும் ஒண்டெண்டு உங்களுக்கு உடன விளங்கியிருக்கும். எனக்கு விளங்கேல்லை பாருங்கோ.

திங்களுக்கு முதல் ஞாயிறு. அண்டைக்கும் நாடகத்தில அந்தப் புருசன் குசினி மேசையில இருந்துகொண்டு தன்ர தேன்கதையைத் தொடங்கினான். அவ பதில் சொல்லத் தொடங்க, என்ர மனிசி வாசிச்சா.

"இவ்வளவு காலமும் உங்களுக்குச் சாப்பாடு கட்டித் தந்தனான். ஒருநாளும் கணக்குப் பார்க்கேல்லை."

"அப்பிடிக் கேளம்மா!" எண்டன் நான்.

"முழங்கால் முழங்கால் எண்டுறீங்கள். இந்த முழங்காலோடதானே குந்தியிருந்து நிலம் துடைச்சனான். அப்ப ஒருக்காலும் நோகுதோ எண்டு கேக்கேல்லையே."

"சீ, மனிசனே இவன்!"

"அந்தக் கதிரையில நான் இருந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?"

நான் கதிரையை விட்டு எழும்பியே போனன். "என்ன குறையும்? ஒரு மண்ணும் குறையாது! 'போ' எண்டு வாயைத் திறந்து சொல்லன்ரா விசரா!"

சொல்லிப்போட்டுத்தான் ரீவியை ஒழுங்காப் பார்த்தன். குசினி எப்பவோ முடிஞ்சு போச்சுது. அந்தப் பொம்பிளை ரயில்வே ஸ்டேசனில தனிய நிக்கிறா. வாய் மூடியிருக்கு. புருசன் இல்லை. கீழ ஒரு எழுத்தும் இல்லை. திரும்பிப் பார்த்தால், மனிசி கையில கச்சான் கோதோட என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறா.

ஐயோ, நிலம் பிளந்திருந்தால் அப்பிடியே இறங்கியிருப்பன். காது ரண்டும் சுட்டது. எழும்பினவன் இருக்கவும் ஏலாமல் நடக்கவும் ஏலாமல் இடுப்புச் சறத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவ கோவிக்கவுமில்லை, நக்கலடிக்கவுமில்லை.

"நீங்கள் இப்ப சொன்னதை நாளைக்கு முதலாளியிட்டச் சொல்லிவிடுறன்" எண்டா. பிறகு ரீவிப் பக்கம் திரும்பி, "ரயில் வருகுது, விலகி நில்லுங்கோ எண்டு சொல்லுறாங்கள்" எண்டு விட்ட இடத்தில இருந்து வாசிச்சா.

இப்ப அவ விடிய முதல் பஸ்ஸில கந்தளாய்க்குப் போறா. பின்னேரம் நான் சோறு வடிக்கிறன், குழையுது. கடைத்தெருவில "மனேஜரம்மாவின்ர புருசன்" எண்டு சொல்லுகினம்தான். காதில விழேக்கயெல்லாம் எனக்கு நினைவில வாறது அவையள் இல்லை, ஸ்டேசனில வாய் மூடி நிண்ட அந்தப் பொம்பிளைதான்.

நாடகத்தில கடைசிப் பாகம் மிச்சமிருந்தது. போன ஞாயிறு அவ கச்சானோட வந்து இருந்தா. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்தன். "இஞ்சாரும், பிழை கண்ணாடியில இல்லை. அந்த இங்கிலீசு எனக்கு ஓடாது" எண்டன்.

அவ ரீவியிலிருந்து கண் எடுக்கேல்லை.

"தெரியும். கலியாணம் முடிச்ச வருசமே தெரியும்" எண்டா. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிள்ளைக்கும் சொல்லேல்லை."

நான் குனிஞ்ச தலை நிமிராமல் இருந்தன். அவ வாசிக்கத் தொடங்கினா.